அடிதடி காமெடிக்குப் பாதிப் பேர் மட்டும் சிரிப்பது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சமூக மன்றத்திலோ அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்திலோ பழைய கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படம் போட்டால் ஒன்று தவறாமல் நடக்கும். முன்வரிசையில் மாமாக்களும் பையன்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பின்வரிசையில் அக்காமார் ஒவ்வொருவராகத் தேநீர் மேசைப் பக்கம் நகர்வார்கள். படம் முடிந்ததும் இரு தரப்பும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கும். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம்.

ஸ்லாப்ஸ்டிக்னா என்ன? ஒருத்தர ஒருத்தர் அடிச்சுக்கிறதா?

அது ஒரு மட்டையின் பெயர். இத்தாலியின் பழைய கொமேடியா தெல்லார்த்தே மேடையில் கோமாளி கையில் வைத்திருப்பான். இரண்டு மெல்லிய பலகைகளைப் பிடிப் பக்கம் மட்டும் சேர்த்திருப்பார்கள். லேசாகத் தட்டினாலே பலகைகள் ஒன்றோடொன்று மோதிப் 'படார்' என்று கேட்கும். அடி சின்னது, சத்தம் பெரியது. இந்த வகை நகைச்சுவையின் சூட்சுமமே அதுதான். வலி இருக்கக் கூடாது, வலித்த மாதிரி மட்டும் இருக்க வேண்டும்.

நமக்கும் இது புதிதில்லை. தோல்பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்தாலே அடிதடிதான். தெருக்கூத்தின் கட்டியங்காரனும் விழுந்து புரண்டுதான் கூட்டத்தைப் பிடிப்பான். அடிப்பது, விழுவது, துரத்துவது, முகத்தில் மாவு அப்புவது, கதவில் முட்டிக்கொள்வது எல்லாம் சேர்ந்ததே ஸ்லாப்ஸ்டிக்.

பழைய படம்னு சொல்றீங்களே, யாரோட படம்?

பேசாப்பட காலத்தில் சார்லி சாப்ளின், பஸ்டர் கீட்டன், ஹெரால்ட் லாயிட். அதிலிருந்து பேசும்படத்துக்கு வந்தும் நிலைத்தவர்கள் ஒல்லி லாரல், குண்டு ஹார்டி. பிறகு மோ, லாரி, கர்லி என்ற மூவர் கூட்டணியான த்ரீ ஸ்டூஜஸ். இவர்கள் கொலம்பியா நிறுவனத்துக்காக 1934 முதல் 1959 வரை வெளிவந்த 190 குறும்படங்களில் நடித்தார்கள். ஒவ்வொன்றும் பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடம். ஆண் பெண் சண்டை வருவது பெரும்பாலும் இந்தக் கடைசி மூவரால்தான்.

எங்க வீட்ல அப்பாவும் அண்ணனும் த்ரீ ஸ்டூஜஸ் பார்த்து உருளுறாங்க. நானும் அம்மாவும் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கோம். ஆம்பளைங்களுக்கு மட்டும் ஏன் பிடிக்குது?

அமெரிக்காவிலேயே இது பழைய வேடிக்கைப் பேச்சு. காரணம் ஒன்றல்ல. முதலாவது, பழக்கம். பையன்கள் சிறுவயதில் கட்டிப்புரண்டு விளையாடுவது அதிகம். தலையில் ஒரு குட்டு, முதுகில் ஒரு தட்டு என்பது அவர்களுக்குள் நட்பின் மொழி. மோ, கர்லியின் தலையில் குட்டினால் அவர்கள் கண்ணுக்கு அது சண்டையாகத் தெரியாது, வகுப்பறைக் கடைசி பெஞ்சாகத் தெரியும். அந்த மொழி பழகாதவருக்கு அதே காட்சி ஒரு முரடன் இரண்டு அப்பாவிகளைத் துன்புறுத்துவதுதான்.

இரண்டாவது, படத்துக்குள் பெண் எங்கே? கொலம்பியாவில் அந்த மூவரின் முதல் குறும்படத்தின் தலைப்பே 'வுமன் ஹேட்டர்ஸ்', அதாவது பெண்களை வெறுப்பவர்கள். அடுத்து வந்தவற்றிலும் பெண் என்றால் பெரும்பாலும் விருந்து நடத்தும் சீமாட்டி, இல்லாவிட்டால் கல்யாணத்துக்கு வலை வீசுபவள். பார்ப்பவர் தன்னை யாரோடு சேர்த்துக்கொள்வார்? கேக் அடி படுவதற்காகவே நிற்கும் சீமாட்டியோடு சேர்த்துக்கொள்ள யாருக்கும் ஆசை இருக்காது.

மூன்றாவதை யாரும் சொல்வதில்லை. திரையில் ஐந்து கிலோ மாவு தரையில் கொட்டுகிறது. ஒருவருக்கு மாவு மட்டும் தெரியும். இன்னொருவருக்கு அதைக் கூட்டி அள்ளப்போகும் கையும் சேர்ந்து தெரியும். வீட்டில் துடைப்பம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அந்தக் காட்சியில் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். துடைக்கும் வேலையைப் பங்குபோட்டுக்கொண்ட வீடுகளில் என்ன ஆகும் என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

அடி வாங்குறவரைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்கு. இதுல எங்கங்க சிரிப்பு?

உங்களிடம் குறையில்லை. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஆன்ரி பெர்க்சன் 1900இல் சிரிப்பைப் பற்றி எழுதிய நூலில், சிரிப்பு வர மனம் ஒரு கணம் மரத்துப்போக வேண்டும் என்கிறார். இரக்கம் விழித்திருந்தால் சிரிப்பு வராது. அந்த மரப்பை உண்டாக்குவது நடிகரின் வேலை. பார்ப்பவரின் கடமை அல்ல.

எப்படி உண்டாக்குகிறார்கள்? அடி விழுந்தவர் இரண்டு நொடிக்குள் எழுந்துவிடுவார். ரத்தமும் வீக்கமும் அடுத்த காட்சிக்கு வராது. சத்தம் உடம்பின் சத்தமாகவே இருக்காது. கண்ணில் குத்தினால் நரம்பிசைக் கருவியைச் சுண்டும் ஒலி, தலையில் அடித்தால் கட்டையில் தட்டும் ஒலி. மோ உண்மையில் குத்தியது புருவ எலும்பில். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் பரிதாபம் உள்ளே வந்துவிடும். முகத்தை மிக அருகில் காட்டினாலும் அதே கதிதான். அதனால்தான் நல்ல ஸ்லாப்ஸ்டிக்கில் கேமரா தள்ளி நின்று முழு உடம்பையும் காட்டும்.

சாப்ளின்னா எங்கம்மா கடைசிவரை பார்ப்பாங்க. த்ரீ ஸ்டூஜஸ்னா டிவியை நிறுத்தச் சொல்வாங்க. ரெண்டுமே அடிதடிதானே?

இதற்குப் பதில் தொல்காப்பியத்தில் இருக்கிறது. மெய்ப்பாட்டியல் சொல்வது: 'எள்ளல் இளமை பேதைமை மடன்என்று உள்ளப் பட்ட நகைநான் கென்ப.' சிரிப்பு நான்கு இடத்திலிருந்து பிறக்கும். எள்ளல் என்றால் இகழ்ச்சி. இளமை, குழந்தைத்தனம். பேதைமை, அறியாமை. மடன், சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது.

சாப்ளினிடம் இளமை அதிகம். 1925 படத்தில் பசியில் பூட்ஸைச் சமைத்து, ஆணியைக் கோழி எலும்பு மாதிரி சப்புகிறாரே, அது குழந்தை விளையாட்டு. லாரலிடம் மடன். ஹார்டி ஒன்று சொன்னால் நிலைமை மாறின பிறகும் அதையே செய்வார். த்ரீ ஸ்டூஜஸில் பேதைமையோடு எள்ளல் கலந்திருக்கும். மோ அடிக்கும்போதெல்லாம் 'மடையா' என்ற இகழ்ச்சியும் சேர்ந்தே விழும்.

வீட்டில் பார்ப்பவர்களை இரண்டாகப் பிரிப்பது அடி அல்ல, எள்ளல் என்பதே எங்கள் கணிப்பு. பழைய உரையாசிரியர் பேராசிரியர் இங்கே நுட்பமாக ஒன்று சொல்கிறார். எள்ளலில் தான் பிறரை இகழ்ந்து சிரிப்பதும் உண்டு, பிறர் தன்னை இகழத் தான் சிரிப்பதும் உண்டு. இகழப்பட்டே பழகியவருக்கு இரண்டாவது வகை சுலபமாக வராது. அதில் ஆண், பெண் இருவரும் அடக்கம். கேலிக்கு ஆளாகி வளர்ந்த பையன்கள் பலரும் த்ரீ ஸ்டூஜஸ் என்றால் முகம் திருப்பிக்கொள்வார்கள்.

எங்க பாட்டிக்குக் கவுண்டமணி செந்தில் வசனமெல்லாம் மனப்பாடம். ஆனா நாகேஷ் விழுறது, சறுக்குறது எதுவும் ஞாபகமில்லை. ஏன்?

பாட்டி அந்தப் படங்களைப் பார்த்தாரா, கேட்டாரா? நாலறை வீட்டில் தொலைக்காட்சி கூடத்தில் இருக்கும், அடுப்பு கடைக்கோடியில் இருக்கும். குக்கர் இரண்டாவது விசில் அடிக்கும்போது கூடத்தில் வசன நகைச்சுவை ஓடினால், வெங்காயம் நறுக்கிக்கொண்டே சிரிக்கலாம். வாழைப்பழக் காட்சிக்குக் கண் தேவையில்லை, காது போதும். நாகேஷ் காலை எப்படி மடக்கினார் என்பதை நறுக்கும் பலகையிலிருந்து பார்க்க முடியாது. சமையலறைக்குக் கேட்பதெல்லாம் 'தொம்' என்ற ஓசையும் கூடத்துச் சிரிப்பும்தான். காரணம் தெரியாத சிரிப்பு எரிச்சலைத்தான் கிளப்பும்.

அதனால் 'அம்மாவுக்கு ஸ்லாப்ஸ்டிக் பிடிக்காது' என்று முடிவுகட்டும் முன் ஒருமுறை சமையலை நீங்கள் எடுத்துக்கொண்டு அவரைக் கூடத்தில் உட்கார வையுங்கள். முழுசாக இருபது நிமிடம். பாதியில் 'உப்பு எங்க இருக்கு?' என்று கத்தக் கூடாது.

பெண்களுக்கு நகைச்சுவை உணர்வு குறைவுன்னு ஆராய்ச்சியே இருக்காமே?

ஆராய்ச்சிகள் எதிர்ப்பக்கமாகத்தான் காட்டுகின்றன. அமெரிக்க நரம்பியல் அறிஞர் ராபர்ட் ப்ரோவைன், கடைத்தெருவிலும் பல்கலைக்கழகத்திலும் இயல்பாக நடந்த 1,200 சிரிப்புத் தருணங்களைக் குறித்து வைத்தார். ஆணும் பெண்ணும் பேசிக்கொள்ளும்போது அதிகம் சிரித்தது பெண்கள். தனியாக இருப்பதைவிடக் கூட்டத்தில் மனிதர் சிரிப்பது சுமார் 30 மடங்கு அதிகம் என்பதும் அவர் கண்டதே. திரையிடலுக்கு இது முக்கியம், பின்னால் வருகிறோம்.

2005இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆலன் ரைஸ் குழு 10 ஆண்களுக்கும் 10 பெண்களுக்கும் கேலிச்சித்திரங்களைக் காட்டி மூளையைப் படம்பிடித்தது. எது வேடிக்கை என்பதில் இருவரும் பெரும்பாலும் ஒத்துப்போனார்கள். நல்ல நகைச்சுவை கிடைத்தபோது பரிசு கிடைத்த மாதிரித் துடிக்கும் பகுதி பெண்களிடம் கூடுதலாக வேலை செய்தது. ஆனால் அவை அசையாத சித்திரங்கள், 20 பேர். அதை எடுத்துக்கொண்டு ஸ்லாப்ஸ்டிக்கைத் தீர்ப்பளிக்க யாரும் கிளம்ப வேண்டாம்.

பொம்பளைங்க யாராவது இந்த மாதிரி காமெடி பண்ணியிருக்காங்களா?

ஆரம்பத்திலிருந்தே. மேபல் நார்மண்ட் பேசாப்படத்தில் நடித்தது மட்டுமல்ல, 1914இல் படங்களை இயக்கவும் செய்தார். புதிதாக வந்த சாப்ளினையும் இயக்கியிருக்கிறார். லூசில் பால் 1951 முதல் 1957 வரை தொலைக்காட்சியில் உடம்பால் செய்த வேலைகளை இன்றும் மாணவர்கள் பாடமாகப் பார்க்கிறார்கள். சாக்லேட் தொழிற்சாலைக் காட்சி 1952. பட்டையில் சாக்லேட் வரும் வேகம் கூடக்கூட, அவரும் தோழியும் அதை வாய்க்குள், தொப்பிக்குள், சட்டைக்குள் திணிப்பார்கள். ஒரு அடிகூட இல்லை. தொழிற்சாலையிலோ உணவுக்கடையிலோ வேலை பார்த்த எவரும் அதற்குச் சிரிக்காமல் இருந்ததில்லை.

தமிழில் டி.ஏ. மதுரம், மனோரமா, கோவை சரளா. இவர்கள் வரும் காட்சிகளுக்கு எந்த வரிசையும் எழுந்து போவதில்லை.

அப்போ பொண்ணு ஆம்பளையை அடிக்கிற படம் போட்டா சரியாயிடுமா?

பாதி சரியாகும். த்ரீ ஸ்டூஜஸின் 1947ஆம் ஆண்டுக் குறும்படம் ஒன்றில், கர்லியின் இடத்துக்கு வந்த ஷெம்ப் பாட்டு வாத்தியார். ஒரு பெண் அவரைத் தன் உறவுக்காரர் என்று நினைத்துக் கொஞ்சுகிறார். இல்லை என்று தெரிந்ததும் விடாமல் அறைந்து, கடைசியில் ஒரு குத்து விட, ஷெம்ப் கதவைப் பிய்த்துக்கொண்டு வெளியே விழுகிறார். நடித்தவர் கிறிஸ்டின் மக்கின்டயர். அந்த மூவரின் படங்களிலேயே கலப்புக் கூட்டத்துக்கு இது நன்றாகப் போகும். காரணம், அடிக்க அவருக்கு ஒரு காரணம் இருக்கிறது. அது தவறான காரணம் என்பது நமக்கு மட்டும் தெரியும்.

பூரிக்கட்டை வேறு கதை. மனைவி கட்டையைத் தூக்குவாள், கணவன் மேசைக்கடியில் ஒளிவான். அதில் மனைவி ஒரு மிரட்டல் பொம்மை மட்டுமே, ஆள் இல்லை. பெண்கள் அதற்குச் சிரிக்காததில் வியப்பில்லை. தேய்ந்துபோனது, விட்டுவிடலாம்.

நம்ம தமிழ்ப்பட காமெடிக்கு எங்க அக்கா முகம் சுளிக்கிறா. அடிக்கிறதாலயா?

காட்சியை ஒருமுறை ஒலியில்லாமல் ஓடவிடுங்கள். அப்போது அக்கா சிரித்தால் சிக்கல் அடியில் இல்லை, வசனத்தில். எண்பதுகளுக்குப் பிந்திய பல காட்சிகளில் உதைக்கு நடுவே நிறம், பருமன், பல், வயது பற்றிய கேலி வந்துகொண்டே இருக்கும். ஓரமாக நிற்கும் ஒரு பெண்ணைக் காட்டி 'இதுவா பொண்ணு?' என்பார்கள். முன்பு சொன்ன எள்ளல் இதுதான், அதுவும் திருப்பி அடிக்க வழியில்லாதவர் மீது.

ஒலியில்லாமலும் சிரிப்பு வரவில்லை என்றால், அவருக்கு உண்மையாகவே அடி பிடிக்கவில்லை. விட்டுவிடுங்கள்.

எங்க புளோக்ல சீன, மலாய்க் குடும்பங்களும் வருவாங்க. எல்லாருக்கும் எது?

பேசாப்படம். சாப்ளின் 1932இல் சிங்கப்பூருக்கு வந்தபோதே அவரை யாரும் இங்கே அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. இடையிடையே வரும் எழுத்து அட்டைகளை மட்டும் ஒருவர் தமிழிலும் இன்னொருவர் மலாயிலோ மாண்டரினிலோ உரக்க வாசிக்கலாம். ஒரு அட்டைக்கு ஒரு வரி போதும். நீட்டினால் அடுத்த காட்சியின் சிரிப்பு போய்விடும்.

உள்ளூர்ச் சரக்கும் இருக்கிறது. பாலஸ்டியர் பக்கம் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புத் தளத்தில் உருவான, மலாய்த் திரைக்கலைஞர் பி. ரம்லியின் 'புஜாங் லாப்போக்', 1957. ரம்லி, சம்சுதீன், அஜிஸ் சத்தார் என்று இங்கேயும் மூன்று பேர். ஆனால் மூவரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் கல்யாணமாகாத ஆண்கள். வீட்டுக்காரம்மா, அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் கதைக்குள் இருக்கிறார்கள். த்ரீ ஸ்டூஜஸில் இல்லாதது இதில் இருப்பதால் கூட்டம் இரண்டாகப் பிரிவதில்லை. ரம்லியை 1950இல் முதன்முதலில் கதாநாயகனாக்கிய இயக்குநர் எல். கிருஷ்ணன் என்பதைச் சொன்னால் நம் மாமாக்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பழைய படம் போட்டா எல்லாரும் குண்டா, ஓட்டமா ஓடுற மாதிரி தெரியுறாங்களே?

குண்டாகத் தெரிவது தொலைக்காட்சியின் குற்றம். அந்தப் படங்களின் அகலமும் உயரமும் நாலுக்கு மூன்று. இன்றைய திரை பதினாறுக்கு ஒன்பது. படத்தை இழுத்து நிரப்பும்படி அமைத்திருந்தால் லாரலும் ஹார்டி ஆகிவிடுவார். பட அளவு அமைப்பில் 4:3 என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், விழட்டும். 'ஜூம்' போட்டால் தலையும் காலும் வெட்டுப்படும். கால் இல்லாமல் ஸ்லாப்ஸ்டிக் இல்லை.

ஓட்டம், வேகக் கணக்கு. பேசாப்படங்கள் பலவும் நொடிக்கு 16 முதல் 20 படச்சட்டங்களில் (ஃபிரேம்) எடுக்கப்பட்டவை. அதை 24இல் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வரை வேகமாகும். ஆட்டம் பாட்டம் கூடும், நடிப்பு செத்துப்போகும். சாப்ளின் தோளைக் குலுக்குவதும் கீட்டன் நின்று யோசிப்பதும் தெரியாது. பெண்கள் ரசிக்கும் பகுதி பெரும்பாலும் இந்தச் சின்ன அசைவுகள்தான். சரியான வேகத்தில் சீரமைத்த பதிப்பாகப் பார்த்து எடுங்கள். மாட்டாவிட்டால் இயக்கியில் வேகத்தை 0.75க்குக் குறைத்துப் பாருங்கள். பேச்சொலி இல்லாததால் யாருக்கும் உறுத்தாது.

படம் பார்த்தா தலைவலி வருதுன்னு அத்தை சொல்றாங்க. சாக்கா?

சாக்கல்ல. கீழ்த்தளத்தில் சிமென்ட் தரை, சிமென்ட் கூரை, சுற்றிலும் தூண்கள். ஒவ்வொரு 'டங்'கும் மூன்று முறை கேட்கும். காதுகேட்கும் கருவி அணிந்தவருக்கு அந்தக் கூர்மையான ஒலி ஊசிக்குத்து.

ஒரு பெரிய ஒலிபெருக்கியை முன்னால் வைத்து அலறவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. சின்னதாக இரண்டை வரிசைகளின் இரு ஓரத்திலும் காது உயரத்தில் வையுங்கள். ஒலியளவைப் பேச்சுக் காட்சியில் அமையுங்கள், அடிக் காட்சியில் அல்ல. உச்ச ஒலியைக் கொஞ்சம் குறையுங்கள். நாற்காலிகளை நெருக்கிப் போடுங்கள். முன்பு சொன்ன 30 மடங்கு இங்கேதான் கைகொடுக்கும். சிதறி உட்கார்ந்த ஐம்பது பேரைவிட நெருக்கி உட்கார்ந்த இருபது பேர் அதிகம் சிரிப்பார்கள்.

ஒரு மணி நேர நிகழ்ச்சி. எதை முதல்ல, எதைக் கடைசில?

அடியில் தொடங்காதீர்கள். முதல் எட்டு நிமிடம் பொருளோடு மல்லுக்கட்டும் காட்சி, உதாரணமாக 1936 சாப்ளின் படத்தில் தொழிலாளிக்குச் சோறு ஊட்டும் இயந்திரம் பைத்தியம் பிடித்துச் சோளத்தை மூஞ்சியில் தேய்ப்பது. அடுத்து இருபது நிமிடம் லாரல், ஹார்டி. நடுவில் பத்து நிமிடம் இடைவேளை. வடையும் தேநீரும் அப்போதுதான் வர வேண்டும், படம் ஓடும்போது பெண்கள் பரிமாற எழும்படி ஆகக் கூடாது. பிறகு ஒரு த்ரீ ஸ்டூஜஸ், ஒன்றே ஒன்று. ஒரே மூச்சில் இரண்டைப் பார்த்தால் ரசிகருக்கே அலுக்கும், ஏனென்றால் அடிகள் அப்படியே திரும்ப வரும்.

முதியோர் நிலையத்துல போடலாமா?

போடலாம், ஒரு வடிகட்டலோடு. படியில் உருள்வதும் வாழைப்பழத் தோலில் சறுக்குவதும் அங்கே வேண்டாம். இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்தவர் அந்த அறையில் இருப்பார், அல்லது அப்படிப் படுத்தவரைப் பார்த்துக்கொண்டவர் இருப்பார். விழுவது அவர்களுக்குப் பாவனை இல்லை. தொப்பி மாறிப்போவது, சாப்பாட்டுக் குளறுபடி, துரத்தல் இவை எடுபடும். 1923இல் ஹெரால்ட் லாயிட் கட்டடக் கடிகாரத்தில் தொங்குவதைக் கைப்பிடித்து ரசிப்பார்கள், ஏனென்றால் அவர் விழுவதில்லை. 1919 விபத்தில் வலக்கையில் இரண்டு விரல்களை இழந்தவர் அப்படித் தொங்குகிறார் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காட்டுங்கள்.

தீபாவளி நிகழ்ச்சிக்குப் பசங்க ஸ்கிட் போடுறாங்க. அடிபடாம அறையறது எப்படி?

இருவரும் எதிரெதிரே, கை முழுதாக நீட்டினாலும் முகத்தைத் தொடாத தூரத்தில் நிற்க வேண்டும். அறைபவர் முதுகை ஓரளவு கூட்டத்துக்குக் காட்டி நிற்கட்டும், இடைவெளி மறைந்துவிடும். முதலில் கண்ணோடு கண் பார்த்துத் தலையசைத்துக்கொள்வது கட்டாயம். கை முகத்துக்கு ஒரு சாண் முன்னால் போகும். அதே நொடியில் அறை வாங்குபவர் தன் நெஞ்சருகே இரு கையையும் தட்டிச் சத்தம் தருவார், தலையைத் திருப்புவார். பத்து முறை மெதுவாக, பிறகுதான் வேகமாக.

கெட்டுப்போவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: மேடையில் கூட்டம் சிரித்ததும் பையன் உற்சாகத்தில் ஒரு அடி முன்னால் வருவான். தரையில் ஒட்டுநாடா ஒட்டி, அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லுங்கள். கண்ணில் குத்தும் விளையாட்டு, பாவனையாகக்கூட வேண்டாம். அதைச் செய்தவர்கள் வருடக்கணக்கில் பழகியவர்கள். இன்னொன்று, அடி வாங்குவது எப்போதும் குட்டையான பையனாகவோ குண்டுப் பெண்ணாகவோ இருக்க வேண்டாம். முதலாளி வேடம் வாங்கட்டும், கூட்டம் முழுக்கச் சிரிக்கும்.

வட்டு காசு கொடுத்து வாங்கினதுதானே, பொது இடத்துல போடலாமா?

கடையில் வாங்கும் வட்டு வீட்டில் பார்க்கத்தான். பொதுத் திரையிடலுக்கு உரிமையாளரின் அனுமதியும், தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் திரைப்பட வகைப்பாடும் தேவை. சமூக மன்ற நிகழ்ச்சி என்றால் ஏற்பாட்டாளரிடம் ஆரம்பத்திலேயே கேளுங்கள், அழைப்பிதழ் அச்சடித்த பிறகு அல்ல.

பழைய படத்துல முகத்துக்குக் கறுப்பு பூசி வர்ற காட்சியெல்லாம் இருக்கே?

இருக்கிறது. 1930, 40களின் குறும்படங்களில் கறுப்பின மக்கள், சீனர், ஜப்பானியர் பற்றிய கேவலமான கேலி சகஜம். முழுப் படத்தையும் முதலிலேயே ஒருவர் பார்த்துவிட வேண்டும். நினைவை நம்பாதீர்கள், சின்ன வயதில் பார்த்தபோது அது நம் கண்ணில் பட்டிருக்காது. அப்படி ஒன்று இருந்தால் வெட்டி ஒட்டுவதைவிட வேறு படம் எடுப்பது சுலபம்.

நான் சிரிக்கலைன்னா வீட்டுக்காரர் கோவிச்சுக்கிறார். 'உனக்கு ரசனை இல்ல'ங்கிறார். என்ன பண்றது?

அவர் சிரிப்பதைப் பகிர ஆள் தேடுகிறார், அவ்வளவுதான். அண்ணனையோ நண்பரையோ கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் பொய்யாகச் சிரிக்க வேண்டாம், இரண்டே நாளில் தெரிந்துவிடும். இன்னொரு வழி, 'இதில் எது உங்களுக்குச் சிரிப்பு? குட்டா, குட்டு வாங்கினவர் முகமா?' என்று கேளுங்கள். முகம் என்றால் லாரல், ஹார்டிக்கு இருவரும் சேர்ந்து மாறலாம். குட்டுதான் என்றால் அவரை அவர் போக்கில் விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு படம்தான் போட முடியும்னா எது?

லாரல், ஹார்டியின் 'தி மியூசிக் பாக்ஸ்', 1932. ஏறக்குறைய அரை மணி நேரம். நகைச்சுவைக் குறும்படத்துக்கான முதல் ஆஸ்கர் இதற்குத்தான். பியானோ ஒன்றைப் பெட்டியோடு உயரமான படிக்கட்டில் ஏற்றுகிறார்கள், அது திரும்பத் திரும்ப உருண்டு கீழே வருகிறது. கதை இவ்வளவே. படத்தில் உருள்வது பெரும்பாலும் பெட்டி என்பதால், முதியோர் பற்றிச் சொன்ன எச்சரிக்கை இங்கே அவ்வளவாகப் பொருந்தாது.

நடுவில் குழந்தை வண்டியோடு ஒரு தாதிப்பெண் வருவார். பெட்டி உருண்டதைப் பார்த்துச் சிரிப்பார். லாரல் பின்னாலிருந்து ஒரு உதை விடுவார். அந்த இடத்தில் பின்வரிசையைக் கவனியுங்கள், முகங்கள் இறுகும். அடுத்த நொடி அந்தப் பெண் திரும்பி லாரலுக்கு ஒன்று போடுவார். அதைப் பார்த்து ஹார்டி சிரிக்க, அவர் தலையில் பால் புட்டி உடையும். இறுகிய முகங்கள் விரியும், முன்வரிசையைவிடச் சத்தம் பின்வரிசையில் எழும்.

மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் 2001இல் வரும் முன் பல பழைய புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. குளிர்பதனப் பெட்டியைப் படியில் தூக்கியவர்கள், கீழே நின்று 'மெதுவா, சுவர்ல இடிக்குது' என்று கத்தியவர்கள் இரண்டு வரிசையிலும் இருப்பார்கள். கடைசியில் தபால்காரர் வந்து, பின்பக்கமாக வண்டிப்பாதை இருக்கிறதே என்பார். மேலே கொண்டுவந்து சேர்த்த பியானோவை இருவரும் மறுபடி படி வழியாகக் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றிச் சுற்றிக்கொண்டு மேலே வருவார்கள். மடன் என்றால் என்ன என்று அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.